கருவி யாருக்கு?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



2010-இல் மின்னணுவியல் பிரிவில் படித்து வெளியே போனவன் நான். இதே அரங்கத்தில் இதே பின்வரிசையில் எத்தனையோ சிறப்புரைகள் கேட்டிருக்கிறேன்; அவற்றில் எத்தனை காதில் விழுந்தன என்று மட்டும் கேட்காதீர்கள். செயலாளர் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். இன்டர்னல் மார்க் போடும் அதிகாரம் அவரிடம் இல்லை என்றாலும், நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இப்போது ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற நகரத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டில் புழங்கும் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டண்டீயைப் பற்றி இரண்டு வார்த்தை. நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வங்காளத்துச் சணல் கப்பலேறி அந்த ஊருக்குப் போய்த்தான் சாக்காகவும் கித்தானாகவும் ஆனது. மில்களில் வேலை பார்த்தவர்களில் பெண்களே அதிகம். சணல் தொழில் தேய்ந்துவந்த காலத்தில் டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலை பலருக்குச் சோறு போட்டது. 1980-களில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரைப் பொருத்தியதும் அதே தொழிற்சாலையில்தான். 1993-இல் அதையும் மூடிவிட்டார்கள். ஊர்க்கதை எதற்கு என்கிறீர்களா? நான் தினசரி வேலை செய்வது இந்த ஆலைகளில் கையால் உழைத்து ஓய்வு பெற்ற தாத்தா பாட்டிகளோடு. அவர்களில் பலருக்கு டிமென்ஷியா இருக்கிறது. நாங்கள் கருவி செய்வது அவர்களுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களோடு சேர்ந்து.

இன்று காலை மாணவர் புராஜெக்ட் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மேஜையில் 'அல்சைமர் நோயாளிகளுக்கான ஸ்மார்ட் பெல்ட்' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒரு ஆர்டுயினோ, ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல், ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல். தாத்தா வீட்டிலிருந்து நூறு மீட்டர் தாண்டினால் மகன் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். சாலிடரிங் சுத்தமாக இருந்தது, பேட்டரிக் கணக்கும் சரியாக இருந்தது. மனசாரப் பாராட்டினேன். பிறகு கேட்டேன்: "இதைக் கட்டிக்கப் போற தாத்தா யாரையாவது பார்த்துப் பேசினீங்களா?" ஒரு தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல சார், அவங்களுக்குத்தான் ஞாபகமே இருக்காதே, அவங்ககிட்ட என்னத்தக் கேக்கறது?" என்றார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. இந்தத் துறையில் பெரிய பெரிய கம்பெனிகள்கூட வெகுகாலம் அப்படித்தான் நினைத்தன. இன்றைக்கும் நினைப்பவை உண்டு. மகனைக் கேட்பார்கள், மருமகளைக் கேட்பார்கள், டாக்டரைக் கேட்பார்கள், நர்ஸைக் கேட்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரை மட்டும் கேட்க மாட்டார்கள். ஞாபகம் போய்விட்டது என்றால் அபிப்பிராயமும் போய்விட்டது என்று கணக்கு. இந்தக் கணக்கு தப்பு என்பதைத்தான் என் அரை மணி நேரத்தில் சொல்ல வந்திருக்கிறேன்.

வியாதியைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, டாக்டர்கள் இருக்கும் சபை இது. டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. மூளையைப் பாதிக்கும் பல நோய்களால் வரும் நிலை. அதில் அல்சைமர் நோய்தான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இது இருந்தது. இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாம் மறதி நோய் என்று சொல்லிச் சொல்லி, மறதி மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிட்டது. உண்மையில் சிலருக்கு இடம் பிடிபடாது, சிலருக்குச் சொல் வராது, சிலருக்கு ஒரு வேலையின் படிகள் முன்பின்னாகும். வெள்ளைத் தட்டில் இருக்கும் வெள்ளைச் சாப்பாடு கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், நோய் முற்றிய சில ஆண்களுக்கு வெள்ளைத் தட்டு, தம்ளருக்குப் பதில் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தார்கள். சாப்பிட்ட உணவு 25 சதவீதமும், குடித்த பானம் 84 சதவீதமும் கூடியது. ஒரு டிரான்சிஸ்டர் கூடக் கிடையாது! தயிர் சாதத்தை எந்தத் தட்டில் போடுகிறோம் என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

போவது ஒரு பக்கம் இருக்கட்டும், இருப்பது என்ன என்பதுதான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு முக்கியம். நேற்று நடந்தது போய்விடும், நாற்பது வருஷம் முந்தையது நிற்கும். கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். பிடிக்கும், பிடிக்காது என்பது வெகுநாள் வரை நிற்கும். இந்தக் கடைசிச் சமாச்சாரம்தான் எனக்கு மூலதனம். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அந்த நிமிஷத்தில் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நேற்றைய ஞாபகம் எதற்கு?

ஒரு உதாரணம் பார்ப்போம். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் மருத்துவப் பொறியியல் நிலையம் ஒன்று இருக்கிறது. இப்போது அதற்கு டிசைனபிலிட்டி என்று பெயர். அங்கே ராஜர் ஆர்ப்வுட் என்ற பொறியாளரும் அவர் குழுவும் வேறு சில பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஒரு திட்டம் எடுத்தார்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டுத் தொடங்காமல், எதெல்லாம் இருந்தால் வாழ்க்கை நன்றாக இருக்கும் என்று டிமென்ஷியா உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் கேட்டு ஒரு ஆசைப் பட்டியல் தயார் செய்தார்கள். அந்தப் பட்டியல் 2007-இல் கட்டுரையாக வந்தது. அதில் வந்த ஒரு ஆசை, பாட்டு. தனக்குப் பிடித்த பாட்டை, யாரையும் கூப்பிடாமல், தானே போட்டுக் கேட்க வேண்டும்.

சின்ன ஆசைதானே, ஒரு டேப் ரெக்கார்டரை வாங்கிக் கொடுத்தால் போச்சு என்று தோன்றும். மாணவர்களே, இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் டாகிள் ஃபிளிப்-ஃபிளாப் படித்திருப்பீர்கள். ஒரு தடவை அமுக்கினால் ஆன், அதையே மறுபடி அமுக்கினால் ஆஃப். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றைப் பட்டனில்தான் ஓடுகின்றன. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சர்க்யூட் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதோடு விட்டதா? மனிதரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமுக்கினேனா, இல்லையா? சத்தம் வரவில்லையே, இன்னொரு தடவை அமுக்கட்டுமா? அமுக்கினால் வந்துகொண்டிருந்ததும் நின்றுபோகும். நமக்கு இது அரை வினாடி எரிச்சல். அவருக்கு, "என்னால் இதுகூட முடியவில்லை" என்று அன்றைய பொழுதே கெட்டுவிடும்.

பாத் குழுவினர் பலவிதமான இயக்குமுறைகளைச் செய்து, டிமென்ஷியா உள்ளவர்களின் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது பழைய ரேடியோப் பெட்டி போல ஒன்று. மேலே ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் பாட்டு வரும், மூடினால் நிற்கும். உள்ளே ஒரே ஒரு பெரிய பட்டன், அடுத்த பாட்டுக்கு. சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதெல்லாம் கண்ணில் படாத இடத்தில், வீட்டார் ஒரு தடவை சரிசெய்து வைத்துவிட வேண்டியது. பாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

அந்த மூடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது அறைக்கு அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்; பெட்டியே சொல்லிவிடுகிறது. புதிதாகக் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை, பெட்டியின் மூடியைத் தூக்கத் தெரியாத கை உண்டா? இதை ஒரு மேனேஜர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கை ஐந்தாறு விதமான பட்டன்களுக்கு மேல் தயங்கித் தயங்கி நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது கிடைக்கும். சந்தையிலும் வந்து விற்பனையானது.

சரி, போன வாரம் கூடியதே நினைவில்லாதவர்களோடு எப்படிக் கூட்டம் போட்டு வேலை செய்வது? காலையில் தம்பி கேட்ட கேள்வியின் நியாயமான பாதி இதுதான். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு சர்ச் ஹாலில். அதே ஹால், அதே மேஜை, அதே டீக் கோப்பைகள், அதே முகங்கள். ஆறேழு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால் பாதிப்பேருக்குத் தொடர் அறுந்துவிடும். மத்தியானம் வைத்தால் களைப்பு, அதனால் காலை. எல்லோர் சட்டையிலும் பெயர் குத்தியிருக்கும், என் சட்டையிலும்தான். ஒவ்வொரு வாரமும் நான் யார், எதற்கு வந்திருக்கிறேன், இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம், இஷ்டமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதை முதலிலிருந்து சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தொடங்குவோம். போன மாதம் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று சொல்ல முடியாது. ஒரு அம்மா ஒவ்வொரு வாரமும் என்னை எந்த ஊர் என்று கேட்பார். தமிழ்நாடு, இந்தியாவில் தெற்கே என்பேன். "கல்கத்தாவுக்குப் பக்கமா?" என்பார். தன் அம்மா சணல் மில்லில் இருந்ததையும், சணல் பொதிகளில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததையும் சொல்வார். நூறு தடவை கேட்டிருப்பேன். நான் சலித்துக்கொண்டால் அவருக்கு அந்தச் சலிப்பு மட்டும் மனதில் தங்கும், எதனால் என்பது தங்காது. அது ரொம்பக் கொடுமை.

"போன வாரம் என்ன பேசினோம்?" என்ற கேள்வி அந்த ஹாலில் கிடையாது. படம் வரைந்து காட்டி, "இது இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்பதும் கிடையாது, இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம். அட்டையிலோ மரத்திலோ மாதிரி செய்து கையில் கொடுத்துவிடுவோம். வாய் என்ன சொல்கிறது என்பதைவிடக் கை எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இன்னொன்று. கூட வரும் மகளுக்கும் மனைவிக்கும் பக்கத்து அறையில் தனியாக டீ. இதை முதலில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், "உங்களுக்கு இது வசதியாக இருக்கா?" என்று நான் தாத்தாவைக் கேட்டால், பாட்டிதான் பதில் சொல்வார். நாற்பது வருஷப் பழக்கம், அன்புதான், வேறில்லை. அவர் பேசட்டும் என்று நாம் காத்திருக்கும் அந்த இருபது வினாடி மௌனத்தைக் குடும்பத்தார் யாராலும் தாங்க முடியாது. வெளியாளான எனக்கு அது சுலபம்.

ஒரு தடவை வாசல் கதவுக்கான கருவி ஒன்றை எடுத்துப் போனோம். வெளியே கிளம்பும்போது கதவருகில் சென்சார் உணர்ந்து, "சாவி எடுத்தீர்களா? கண்ணாடி எடுத்தீர்களா?" என்று பதிவு செய்த குரல் கேட்கும். பார்த்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கூட்டத்தில் குரல் வந்ததும் நம்ம கல்கத்தா அம்மா திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, "யாரது உள்ளே?" என்றார். ஆளில்லாத குரல்! தனியாக இருக்கும் வீட்டில் அது எப்படி இருக்கும்? டைமெக்ஸில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேஜை மேல் விரலால் ஏதோ வரைந்தார். ஸ்பானர் மாதிரி இருந்தது. சொல் சரியாக வரவில்லை அவருக்கு. "போர்டு... வெள்ளை... காலியா இருந்தா தெரியும்" என்றார். எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நம்ம கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலும் உண்டே, கருவிகளை மாட்டும் பலகை, ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பார்கள். எது குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். சாவி, கண்ணாடி, மணிபர்ஸ் மூன்றுக்கும் உருவம் வரைந்த ஒரு பலகையை வாசல் கதவின் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார் அவர்!

பாத் ஊர்ப் பெட்டியின் மூடியும் டண்டீப் பெரியவரின் பலகையும் ஒரே தத்துவம். அவர் தத்துவமாகச் சொல்லவில்லை, முப்பது வருஷம் செய்த வேலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை பலகையைச் செய்து கொண்டுபோய் அவரிடம் கொடுத்தோம். தான் சொன்னது என்பது அவருக்கு நினைவில்லை. வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல வேலை, ஆனால் கொக்கி ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்றார். அதுவும் சரிதான்.

அதே டண்டீயில் நான் போவதற்கு முன்பே நடந்த வேறொரு வேலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000-களின் தொடக்கத்தில் டண்டீ பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆல்ம், கேரி கோவன்ஸ், பக்கத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆர்லீன் ஆஸ்டெல் ஆகியோர் சேர்ந்து 'சர்க்கா' என்று ஒன்றைச் செய்தார்கள். ஒரு தொடுதிரை, அதில் பழைய படங்கள், பாட்டுகள், சினிமாத் துணுக்குகள், உள்ளூர்க் காட்சிகள். டிமென்ஷியா உள்ளவரும் இன்னொருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பேசலாம். தொடுதிரை இன்று பால்காரரிடம்கூட இருக்கிறது, அன்று அபூர்வம்.

இதில் என்ன படங்கள் வைப்பது? நாம் என்ன செய்வோம்? குடும்ப ஆல்பத்தை ஏற்றுவோம். கல்யாணப் போட்டோ, பேரன் மொட்டை, மகள் பட்டமளிப்பு. பாசத்தோடுதான் செய்வோம். அவர்கள் ஆராய்ந்து பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. குடும்பப் போட்டோவைக் காட்டினால் படத்தில் இருப்பது யார் என்று பெயர் சொல்வதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பொதுவான பழைய படம் ஒன்றைக் காட்டினால், ஒரு கடற்கரை, ஒரு சந்தை, ஒரு நடன அரங்கு, கதை கதையாக வருகிறது. காரணத்தை யோசித்தால் எளிது. குடும்பப் போட்டோவுக்குச் சரியான விடை ஒன்று உண்டு. விடை உண்டு என்றால் அது பரீட்சை. கடற்கரைக்குத் தப்பான விடையே கிடையாது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாட்டி, நான் யாருன்னு தெரியுதா? சொல்லு பார்ப்போம்!" நாமெல்லாம் வைவா வோசியில் நின்றவர்கள்தானே. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முகத்தைப் பார்த்தால் தெரிந்ததும் மறந்து போகும். எண்பது வயசில், சொந்த வீட்டில், தினம் நாலு எக்ஸாமினர் வந்தால் பாவம் அந்தக் கிழவி என்ன செய்வாள்? "நான் மணி வந்திருக்கேன் பாட்டி, உங்க தம்பி பேரன்" என்று நாமே சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும்?

சர்க்காவில் இன்னொன்றும் கண்டார்கள். வழக்கமான பழங்கதை பேசும் அமர்வுகளில், நடத்துபவரே கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார், எதைப் பற்றிப் பேசுவது என்பதும் அவர் கையில்தான். திரை முன்னால் உட்கார்ந்தபோது, எதைத் தொடுவது என்று டிமென்ஷியா உள்ளவரே தேர்ந்தெடுத்தார். பேச்சு இருவருக்கும் சமமாகப் பிரிந்தது. கம்ப்யூட்டர் இங்கே யாருடைய ஞாபகத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பேச்சு நழுவிவிடாமல் பிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இப்போது பெல்ட்டுக்கு வருகிறேன். நூறு மீட்டர், எஸ்.எம்.எஸ்.

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ராபின்சன், பேட்ரிக் ஆலிவியர் முதலானோர் 'கைட்' என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் இதே விஷயம்தான், டிமென்ஷியா உள்ளவர் பத்திரமாக வெளியே நடமாடுவது. பார்த்துக்கொள்பவர்களையும் கேட்டார்கள், டிமென்ஷியா உள்ளவர்களையும் கேட்டார்கள், பிறகு அவர்களைச் சேர்த்துக்கொண்டே வடிவமைத்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் பெரிய கவலை, ஆள் எங்கே இருக்கிறார் என்பது. டிமென்ஷியா உள்ளவர்கள் வெளியே போவதை விட்டுவிடத் தயாராக இல்லை. எங்கே இருந்தாலும் இரு பக்கமும் தொடர்புகொள்ள வழி வேண்டும் என்றார்கள். பார்த்தவுடன் 'இவருக்கு ஏதோ கோளாறு' என்று ஊருக்கே பறைசாற்றும் எதையும் மாட்டிக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. முடிவில் வந்தவை ஒரு கைப்பட்டையும் ஒரு மின்னணுக் குறிப்பேடும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். பெல்ட் மகனுக்குச் செய்தி அனுப்புகிறது. தாத்தாவுக்கு அது என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. வழி தப்பி நின்றால் வீட்டுக்கு வழி சொல்வதில்லை, மகனோடு ஒரு வார்த்தை பேச விடுவதில்லை. பிரிட்டனில் குற்றவாளிகள் காலில் மின்னணுப் பட்டை மாட்டி வீட்டோடு இருக்க வைப்பார்கள். ஒரு சர்க்யூட்டாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடினமான வார்த்தைதான், ஆனால் கட்டிக்கொள்கிறவருக்கு அப்படித் தோன்றினால் அவிழ்த்துப் போட்டுவிடுவார், பீரோவில் கிடக்கும். சாமர்த்தியமான ஜி.பி.எஸ். வாட்ச் பல பீரோவில் சார்ஜ் இல்லாமல் தூங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

நம் பேச்சிலேயே ஒன்றைக் கவனியுங்கள். நீங்களும் நானும் சாயங்காலம் கிளம்பினால் வாக்கிங். டிமென்ஷியா உள்ள பெரியவர் கிளம்பினால், "எங்கேயோ அலையறார்." ஆங்கிலத்திலும் அப்படி ஒரு சொல் இருந்தது, டிமென்ஷியா உள்ளவர்களே எழுந்து நின்று, நாங்கள் அலையவில்லை, நடக்கிறோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்காட்லாந்தில் 2002-இல் ஜேம்ஸ் மெக்கிலப் போன்றவர்கள் சேர்ந்து, டிமென்ஷியா உள்ளவர்களே நடத்தும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் வெண்டி மிட்செல் என்ற அம்மையார், மருத்துவச் சேவையில் வேலை பார்த்தவர், 2014-இல் 58 வயதில் நோய் உறுதியானது. அதன் பிறகுதான் புத்தகம் எழுதினார். நினைவூட்டலுக்கு ஐபேடில் அலாரங்கள் வைத்துக்கொண்டு தனியாகவே வாழ்ந்தார். வாயால் பேசுவதைவிட டைப் அடிப்பது அவருக்குச் சரளமாக வந்தது. 2024-இல் காலமானார். இவர்களிடம் போய், உங்களிடம் என்னத்தைக் கேட்பது என்று சொல்ல முடியுமா?

ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு அழகான இடம் இருக்கிறது. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்காக 2000-இல் கொண்டுவந்த சட்டம். அவருக்காக யார் என்ன முடிவு எடுத்தாலும், அவருடைய இன்றைய விருப்பத்தையும் முந்தைய விருப்பத்தையும் எந்த வகையிலாவது அறிய முயன்று கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. மனிதர் மூலமாகவோ இயந்திர உதவியாலோ என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நமக்கும் அதில் வேலை வைத்திருக்கிறார்கள்!

இதெல்லாம் முற்றிய நிலையில் நடக்குமா என்று கேட்பீர்கள். எல்லாம் நடக்காது. எங்கள் செவ்வாய்க் கூட்டத்துக்கு வந்த சிலர் இப்போது வருவதில்லை. ஒரு கருவி முடிவதற்குள் அதைத் தொடங்கி வைத்தவர் கூட்டத்துக்கு வர முடியாத நிலைக்குப் போய்விடுகிறார். இது எங்கள் தொழிலில் பழகிப்போகாத ஒரு துக்கம். ஆனாலும் பேச்சு நின்றபிறகு எல்லாம் நின்றுவிடுவதில்லை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ஹெஸ்டர் ல ரிஷ் என்ற பெண், முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு புரொஜெக்டரை மாட்டி, மேஜை மேல் வெளிச்சத்தால் இலைகளும் பூக்களும் விழும்படி செய்தார். கையால் ஒதுக்கினால் ஒதுங்கும். 2015-இல் அது சந்தைக்கு வந்தது. எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கையை நீட்டி ஒரு இலையைத் தள்ளினால், அதுவும் பதில்தான். பார்க்க ஆள் வேண்டும்.

பராமரிப்பவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறந்து கிடந்து அப்பாவைக் காணோம் என்றால் அந்தக் குடும்பம் படுகிற பாடு எனக்குத் தெரியும். லண்டனில் நடைபாதை உண்டு. நம் ஊரில் வாசலைத் தாண்டினால் லாரி. ஜி.பி.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அவர் தினமும் விரும்பிக் கட்டிக்கொள்ளும் வாட்சில் இருக்கட்டும், அவருக்கும் ஒரு உபயோகம் இருக்கட்டும், மாட்டுவதற்கு முன் அவரிடம் சொல்லட்டும் என்கிறேன். அவருக்குத் தெரியாமல் செருப்பின் அடியில் ஒளித்து வைக்கிற யோசனையும் காலையில் ஒரு மேஜையில் கேட்டேன். எனக்கு உடன்பாடில்லை.

மதியம் சாப்பாட்டுப் பந்தியில் ஒரு சீனியர் அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். அமெரிக்காவில் இருக்கிறார். அம்மா ஊரில் தனியாக. ஆரம்ப நிலை என்று டாக்டர் போன மாதம் சொன்னாராம். ஹாலிலும் சமையலறையிலும் கேமரா வைத்தாயிற்று. "அடுத்து என்னடா வாங்கலாம்? லிஸ்ட் கொடு, ஆர்டர் போட்டுடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

இந்த வாரம் எதுவும் வாங்க வேண்டாம் அண்ணா என்றேன். நாளைக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் அம்மாவோடு சும்மா இருங்கள். காபி போடுவதிலிருந்து ராத்திரி கதவைத் தாழ்போடுவது வரை கூடவே இருந்து, எங்கே கை தயங்குகிறது என்று பாருங்கள். முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். கோயிலுக்குப் போவாரா, யாரோடு போவார், அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று கேளுங்கள். உங்கள் செல்போனில் கேமராவில் என்ன தெரிகிறது என்பதை அவருக்கே காட்டுங்கள். எந்த அறையில் இருக்கலாம், எதில் வேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும். நாளைக்கு முடியாமல் போனால் எப்படிச் செய்யலாம் என்பதையும் இப்போதே கேட்டு, அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்ப நிலை என்பதால்தான் சொல்கிறேன், இதற்கெல்லாம் பதில் சொல்ல இன்றைக்கு அவரால் முடியும். அந்த நோட்டோடு வாருங்கள், லிஸ்ட் அப்புறம் போடுவோம்.

நான் வியாழக்கிழமை வரை ஊரில் இருக்கிறேன். செயலாளரிடம் என் நம்பர் இருக்கிறது. பெல்ட் செய்த தம்பிகளும் தாராளமாக வந்து சண்டை போடலாம்.